ஆடித் தள்ளுபடி முதல் கூப்பன் குறியீடு வரை: எப்போது வாங்கினால் விலை உண்மையில் குறையும்?

ஆடி மாதத்தில் புடவை விலை இறங்குகிறதே, அந்த மாதம் மட்டும் நூல் மலிவாகக் கிடைக்கிறதா? இல்லை. நெய்கிறவரின் கூலி குறைகிறதா? அதுவும் இல்லை. குறைவது கடைக்கு வரும் கூட்டம்தான். ஆடியில் திருமணம் வைப்பதில்லை, புதுவீடு குடிபுகுவதில்லை. கிராமங்களில் 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற சொல்லுக்கு ஏற்பக் கையில் இருக்கும் பணம் விதைக்கும் உழவுக்கும் போய்விடும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை துணிக்கடையில் விளக்கு எரிகிறது, வாடகை ஏறுகிறது, பணியாளர்களுக்குச் சம்பளம் போகிறது, வாங்க மட்டும் ஆள் இல்லை. இன்னொரு பக்கம் தீபாவளிச் சரக்கு வந்து இறங்க அலமாரி காலியாக வேண்டும். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் விற்காமல் தங்கியதை எப்படியாவது வெளியே அனுப்பியாக வேண்டும். இந்த நெருக்கடிக்கு வைத்த பெயர்தான் ஆடித் தள்ளுபடி.

பருவகாலத் தள்ளுபடி என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு விற்றாக வேண்டிய தேவை எப்போது வருகிறதோ அப்போது விலை இறங்கும். நமக்கு வாங்கியாக வேண்டிய தேவை எப்போது வருகிறதோ அப்போது விலை நிற்கும், அல்லது ஏறும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் தெருவெல்லாம் தள்ளுபடிப் பலகைகள் தொங்கினாலும், குழந்தைக்குப் புதுத்துணி இல்லாமல் வீட்டுக்குத் திரும்ப முடியாத பெற்றோரிடம் பேரம் பேசும் வலு இருப்பதில்லை. கடைக்காரருக்கும் அது தெரியும். ஆகவே ஒரு தள்ளுபடியைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை சதவீதம் என்பது அன்று. இந்தக் கடை இந்தப் பொருளை இந்த மாதத்தில் ஏன் குறைத்து விற்கிறது என்பதே. அதற்கு உங்களுக்கே ஒரு காரணம் புரிந்தால் விலை பெரும்பாலும் உண்மையாகவே இறங்கியிருக்கும். காரணம் எதுவும் தெரியவில்லை என்றால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

என் அம்மா வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் தீபாவளித் துணியை ஆடியிலேயே எடுத்துவிடுவார். அவர் கடைப்பிடித்த இரண்டு பழக்கங்களை நானும் தொடர்கிறேன். வளரும் பிள்ளைகளுக்கு ஒரு அளவு பெரிதாக எடுப்பார். மூன்று மாதத்தில் தோள் அகன்றுவிடும். இன்னொன்று, தள்ளுபடி மேசையில் குவித்திருக்கும் துணியைத் தொடவே மாட்டார். கடையின் வழக்கமான அலமாரியில், ஆனியில் தாம் பார்த்துவைத்த அதே துணி விலை இறங்கியிருக்கிறதா என்று தேடுவார். மேசையில் குவிவது எல்லாம் தங்கிய சரக்கு அல்ல. ஆடிக்கென்றே தனியாகக் கொள்முதல் செய்த மலிவுத் துணியும் அதில் கலந்திருக்கும். அதன் விலை குறைவு, தரமும் குறைவு. அங்கே இறங்கிய விலை என்று ஒன்று இல்லை. அதன் விலையே அவ்வளவுதான்.

இதே கண்ணோடு மற்ற பொருட்களைப் பாருங்கள். ஏசி வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் ஏப்ரல், மே மாதங்கள் மிக மோசமான காலம். விலை ஒருபுறம் இருக்க, பொருத்த வரும் ஆளுக்காகவே பத்து நாள் காத்திருக்க நேரும். கார்த்திகை, மார்கழியில் அதே கடைக்காரர் நின்று பேசுவார். குழாய் நீளத்துக்கும் தாங்கிக்கும் தனியாகக் கேட்கும் பணத்தைக்கூட விட்டுக்கொடுப்பார். ஆனால் ஆண்டு முடிவில் வாங்கும்போது நட்சத்திரக் குறியை உற்றுப் பார்க்க வேண்டும். மின்சாரச் சிக்கனத்துக்கான நட்சத்திரக் கணக்கை எரிசக்தித் திறன் அமைப்பு அவ்வப்போது இறுக்குகிறது. 2022 ஜூலையில் அப்படி இறுக்கியபோது, அதுவரை ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்த ஏசி நான்காக இறங்கியது. கருவி அதே கருவிதான், அளவுகோல்தான் மாறியது. இப்படி மாறும் நேரத்தில் பழைய சரக்கைக் கடைகள் குறைத்துத் தள்ளுவது இயல்பு. அந்தக் குறியிலேயே எந்த ஆண்டுக்கானது என்று அச்சிட்டிருக்கும். பழைய ஆண்டின் ஐந்து நட்சத்திரத்துக்குப் புதிய ஆண்டின் ஐந்து நட்சத்திர விலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

காருக்கு டிசம்பர். ஜனவரி பிறந்துவிட்டால் கிடங்கில் நிற்கும் வண்டி 'போன ஆண்டு வண்டி' ஆகிவிடும் என்பதால் விற்பனையாளர் இறங்கிவருவார். பதிவுச் சான்றில் தயாரிப்பு ஆண்டு இருக்கும் என்பதையும், பின்னால் விற்கும்போது வாங்க வருகிறவர் அதைத்தான் முதலில் பார்ப்பார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து ஆண்டு ஓட்டப்போகிறவருக்கு அந்த இழப்பு பெரிதில்லை. மூன்று ஆண்டில் மாற்றுகிறவருக்கு டிசம்பர்த் தள்ளுபடியின் பெரும்பகுதி அங்கே கரைந்துபோகும்.

எல்லாத் தள்ளுபடியும் தங்கிய சரக்கால் வருவதில்லை. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளியையொட்டிக் கைத்தறித் துணிக்கு 30 சதவீதச் சிறப்புத் தள்ளுபடி தருவது பல ஆண்டு வழக்கம். அதன் பின்னால் நிற்பது அரசின் மானியம். நெசவாளரிடம் தேங்கும் துணி விற்றுப் போக வேண்டும் என்பது நோக்கம். பண்டிகை நேரத்தில் நம்பி வாங்கலாம் என்று நான் மனமாரச் சொல்லும் சிலவற்றில் அது ஒன்று. சென்னைப் புத்தகக் காட்சியும் அப்படித்தான். 1977 முதல் நடக்கிறது, பொங்கலை ஒட்டி வருகிறது, எல்லா அரங்கிலும் 10 சதவீதக் கழிவு உண்டு. பதிப்பாளரே நேரில் விற்பதால் இடையில் இருக்கும் கடைக்குத் தரவேண்டிய பங்கில் ஒரு பகுதி நமக்கு வருகிறது. பெரிய தொகுதிகளுக்குப் பதிப்பாளர்கள் அறிவிக்கும் முன்வெளியீட்டுத் திட்டத்தில் இதைவிட அதிகமாகவே குறையும். பணத்தை முதலில் கட்டிவிட்டுச் சில மாதம் காத்திருக்க வேண்டும்.

தங்கம் தனிக் கதை. அட்சய திருதியைக்கு எந்தக் கடையும் தங்கத்தின் விலையைக் குறைப்பதில்லை. அது அன்றன்று அறிவிக்கப்படும் விலை. குறைவதெல்லாம் செய்கூலியிலும் சேதாரத்திலும்தான். கணக்கு எளிதாக இருக்க ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடையில் சேதாரம் 14 சதவீதம், அதாவது 1,400 ரூபாய். பண்டிகைச் சலுகையாகக் கிராமுக்கு 300 கழிக்கிறார்கள், மீதி 1,100. எதிர்க் கடையில் சலுகை என்ற பேச்சே இல்லை, சேதாரம் 10 சதவீதம், ஆக 1,000. பெரிய எழுத்தில் 300 ரூபாய் தள்ளுபடி என்று போட்ட கடையில்தான் கிராமுக்கு 100 ரூபாய் கூடுதல். நகையில் சலுகையைக் கேட்காதீர்கள். சலுகை போக மொத்தம் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

சில சமயம் எந்தக் கடையும் தராத தள்ளுபடியை அரசின் வரி தந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரிக்கு முன் 40,000 ரூபாய் இருந்த ஏசி 51,200-இலிருந்து 47,200 ஆக இறங்கியது. அந்த முடிவு செப்டம்பர் 3 அன்றே அறிவிக்கப்பட்டுவிட்டது. செய்தியைப் படித்து மூன்று வாரம் பொறுத்தவருக்கு 4,000 ரூபாய் மிச்சம். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள்: வரி 10 புள்ளி குறைந்தது, விலையோ 8 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாகத்தான் இறங்கியது. எந்தத் தொகையின் மீது சதவீதம் போடுகிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

சதவீதத்தின் அடியில் இருக்கும் எண்

அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்: 60 சதவீதம் தள்ளுபடி, எதிலிருந்து? பெரும்பாலும் பொட்டலத்தில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யிலிருந்து. அதிகபட்ச சில்லறை விலை என்பது அதன் பொருள். எல்லா வரியும் சேர்த்து இதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு அது. அதைத் தாண்டி விற்பது குற்றம். அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம். ஆனால் அந்த எண்ணை அச்சிடுகிறவர் தயாரிப்பாளரே. 1,200 ரூபாய்க்கு விற்க நினைத்த பொருளில் 3,000 என்று அச்சிட்டுவிட்டால், ஆண்டு முழுவதும் 60 சதவீதத் தள்ளுபடி என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். வாங்குகிறவரைக் காக்க வந்த எண் இப்படி விளம்பரத்துக்கு ஏணியாகிவிட்டதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம்தான். ஆகவே சதவீதத்தை மறந்துவிடுங்கள். போன மாதம் இதே பொருள் என்ன விலைக்கு விற்றது, இன்று என்ன விலை. இந்த இரண்டு ரூபாய்க் கணக்குதான் தள்ளுபடி.

இதை நான் கைச்சூடு பட்டுத்தான் கற்றேன். ஒரு விழாக்கால விற்பனையில் 42 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு சலவை இயந்திரத்தை நள்ளிரவில் கண்விழித்து வாங்கினேன். மூன்று வாரம் கழித்து, விற்பனையெல்லாம் ஓய்ந்த பிறகு, பக்கத்துத் தெருக் கடையில் அதே இயந்திரம் 600 ரூபாய் குறைவாக இருந்தது. கீழே வைக்கும் தாங்கியையும் சேர்த்தே தந்தார்கள். அதிலிருந்து பெரிய பொருள் எதுவானாலும், தேவை தோன்றிய நாளில் மூன்று இடங்களில் விலை கேட்டு, தேதியோடு எழுதிவைக்கிறேன். இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு வேலை இன்னும் எளிது. கீப்பா போன்ற தளங்கள் அமேசானில் ஒரு பொருளின் விலை மாதக்கணக்கில் எப்படி ஏறி இறங்கியது என்று கோட்டுப்படமாகக் காட்டும். விற்பனைக்குப் பத்து நாள் முன்பு விலை ஏறி, விற்பனையன்று பழைய இடத்துக்கே வந்திருந்தால் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னும் சில கணக்குகள். '50 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம்' என்றால் 70 அல்ல. 1,000 ரூபாய் முதலில் 500 ஆகிறது, அந்த 500-இல் 20 சதவீதம் 100, மீதி 400. ஆக மொத்தத்தில் 60. 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது மூன்றில் ஒரு பங்குத் தள்ளுபடி, அதுவும் மூன்றும் தேவைப்பட்டால் மட்டும். ஒரு சட்டைக்காகப் போனவருக்கு அது இரு மடங்குச் செலவு.

குறியீட்டுப் பெட்டி எதற்காக இருக்கிறது?

பணம் கட்டும் பக்கத்தில் கூப்பன் குறியீடு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சொல்லை அதில் இட்டால் தொகை குறையும். குறைக்க வேண்டுமென்றால் விலையையே குறைத்திருக்கலாமே, எதற்கு இந்தச் சுற்று? எல்லோருக்கும் குறைக்க விற்பவர் விரும்பவில்லை என்பதே காரணம். அவசரத்தில் இருப்பவர், விலை பற்றிக் கவலைப்படாதவர், கட்டத்தைக் கவனிக்காமல் முழுத் தொகையைக் கட்டிவிடுவார். விலை அதிகம் என்று தயங்கி விலகப் பார்ப்பவர் குறியீட்டைத் தேடுவார். அவரை அதைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம். காய்கறிச் சந்தையில் பேரம் பேசுகிறவருக்கு ஒரு விலை, பேசாதவருக்கு ஒரு விலை என்று இருப்பதைப் போன்றதே இது. பேரத்தை வாயால் பேசுவதற்குப் பதில் கட்டத்தில் எழுதுகிறோம்.

இது புரிந்தால் குறியீடு எங்கே கிடைக்கும் என்பதும் விளங்கும். விற்பவர் யாரை இழக்க அஞ்சுகிறாரோ அவர்களுக்குக் கிடைக்கும். முதல்முறை வாங்குகிறவர், பல மாதம் வராமல் இருந்தவர், பொருளைக் கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போனவர். கணக்கில் உள்நுழைந்து, வேண்டியதைக் கூடையில் வைத்துவிட்டு ஓரிரு நாள் சும்மா இருந்து பாருங்கள். பல கடைகளிலிருந்து ஒரு குறியீட்டோடு நினைவூட்டல் வரும். வராவிட்டாலும் நட்டமில்லை, இரண்டு நாள் யோசித்திருப்பீர்கள்.

குறியீட்டில் பெரிய எழுத்தைவிடச் சின்ன எழுத்துக்குத்தான் மதிப்பு. '20 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய்' என்றால் 500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அந்தக் குறியீடு பயனற்றது. 2,000 ரூபாய்ப் பொருளுக்கு அது வெறும் 5 சதவீதம். வங்கி அட்டைச் சலுகையும் இதே அச்சில் வரும். 10 சதவீதம், உச்சவரம்பு 1,500 என்றால், 45,000 ரூபாய்த் தொலைக்காட்சிக்கு 3 சதவீதத்தைச் சற்றே தாண்டும். குறைந்தபட்சத் தொகை என்ற நிபந்தனை இன்னும் நுட்பமானது. உங்கள் கூடையில் 640 ரூபாய்ச் சரக்கு இருக்கிறது. 799-க்கு வாங்கினால் 100 ரூபாய் குறையும் என்கிறது குறியீடு. 180 ரூபாய்க்கு எதையோ சேர்க்கிறீர்கள். 820 ஆகி, 100 கழிந்து, 720 கட்டுகிறீர்கள். சேர்த்தது அடுத்த வாரம் எப்படியும் வாங்கப்போகும் துவரம்பருப்பு என்றால் 100 ரூபாய் லாபம். அலமாரியில் தூங்கப்போகும் பொருள் என்றால் 80 ரூபாய் நட்டம். குறியீடு ஒன்றே, லாபமா நட்டமா என்பது உங்கள் சமையலறையில் இருக்கிறது.

'வட்டியில்லாத் தவணை' என்பதையும் குறியீட்டின் உறவாகவே பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே, வட்டி பூஜ்யம் என்ற ஒன்று கிடையாது, அது வேறொரு இடத்தில் மறைக்கப்படுகிறது என்று வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. இன்று நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடுகிறது; அந்த அளவுக்கு விற்பவர் முன்கூட்டியே விலையில் கழித்துவிடுகிறார். வட்டி 1,000 ரூபாய் என்றால் அதன் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. 180 ரூபாய் நம் தலையில்தான். செயலாக்கக் கட்டணம் 199 என்று இருந்தால் வரியோடு 235 ஆகும். ஆக 415 ரூபாய். மொத்தமாகக் கட்டுகிறவருக்குத் தரும் கழிவையும் நாம் இழந்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பணம் புரட்ட முடியாத வீட்டுக்கு இந்த 415 நியாயமான செலவாகவே இருக்கலாம். செலவே இல்லை என்று நம்பி எடுக்கக் கூடாது என்பதே நான் சொல்வது.

'இன்னும் 9 நிமிடம்', 'இரண்டே மீதம்' என்று திரையில் ஓடும் எண்களைப் பற்றி ஒரு செய்தி. இல்லாத அவசரத்தை இருப்பதாகக் காட்டுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. அதில் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில் முதலாவதே பொய்யான அவசரம். நாம் கேட்காத காப்பீட்டையோ நன்கொடையையோ கூடையில் நுழைத்துவிடுவதும், கடைசிப் பக்கத்தில் புதுக் கட்டணம் முளைப்பதும் அதே பட்டியலில் உள்ளன. பணம் கட்டுமுன் தொகை எப்படி வந்தது என்று ஒருமுறை வரிவரியாகப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். பண்டிகை நேரத்தில் வாட்ஸ்அப்பில் வரும் சலுகை இணைப்புகளைத் திறக்கவே வேண்டாம். பிரபலக் கடையின் பெயரில் ஓர் எழுத்து மாற்றிய போலித் தளங்கள் அந்த நாட்களில்தான் பெருகுகின்றன.

எப்போது காத்திருக்கக் கூடாது?

காத்திருப்பதற்கும் விலை உண்டு. சித்திரை வெயிலில் குளிர்பதனப் பெட்டி பழுதானால் ஆடி வரைக்கும் பொறுப்பது சிக்கனம் ஆகாது. தினமும் வெளியே கொட்டும் குழம்பும், கடையில் வாங்கும் பாலும், தள்ளுபடியை இரண்டு மாதத்தில் விழுங்கிவிடும். வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இருந்தால் ஏசிக்கும் இதே பதில். மருந்து, கண்ணாடி, தலைக்கவசம், பள்ளிப் பை இவற்றையெல்லாம் தேவையான அன்றே வாங்கிவிட வேண்டும். பருவம் பார்ப்பது, தேவை முன்கூட்டியே தெரிந்த பொருட்களுக்குத்தான்: அடுத்த ஆண்டுத் திருமணத்துக்கான பாத்திரம், பத்து ஆண்டாகிவிட்ட ஏசிக்கு மாற்று, தீபாவளித் துணி.

வாங்கி முடித்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. தள்ளுபடிப் பொருள் என்பதால் பில் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் கேட்கலாம். நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்பது வேறு. அதற்குக் கடையின் விதிதான் செல்லும், ஆகவே ஆடியில் எடுத்த சட்டையைத் தீபாவளி வரை பிரிக்காமல் வைக்காமல், வீட்டுக்கு வந்த அன்றே போட்டுப் பாருங்கள். கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லையும், தள்ளுபடி விளம்பரத்தைப் படமெடுத்து வைத்திருந்தால் அதையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.